ஊர்ப்பெயர் தாங்கிய உணவுகள்

நுழையும்முன்

மணப்பாறை என்றதும் முறுக்கு நினைவுக்கு வருகிறது. திருவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா நினைவுக்கு வருகிறது. ஒரு பண்டமோ பயிரோ ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்பது எவ்வாறு? ஒரு நிலப்பகுதிக்கு உரிய அடையாள உணவு இதுவென முடிவு செய்வோர் யார்? அம்முடிவால் பயன்பெறுவோர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண இலக்கணம், சட்டம், வேளாண்மை ஆகிய மூன்றும் துணைசெய்கின்றன.

கருப்பொருளில் உணவு

நிலத்துக்கு உரிய உணவை வகுத்துரைக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருள்களாகத் தொகுத்துரைக்கிறார். இவ்வரிசையில் தெய்வத்துக்கு அடுத்த இடம் உணவுக்கு உரியது. குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் உரியவை எனப் பின்வந்தோர் விரித்துரைத்தனர்.

இப்பகுப்பில் இரண்டு செய்திகள் ஊன்றி நோக்கத்தக்கன. நெய்தலுக்கு உரிய உணவாக மீனை மட்டும் கூறாமல், மீனையும் உப்பையும் விற்றுப் பெற்ற பொருளைக் கூறினர். உவர்நிலத்தில் நெல் விளைவதில்லை. உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றனர் பரதவர். பாலைக்கு வழிப்பறியாலும் சூறையாடியும் கிடைத்த பொருளே உணவாகக் கூறப்பட்டது. வறண்ட நிலத்தின் வாழ்வை மறைக்காமல் உரைத்த நேர்மை இதில் வெளிப்படுகிறது. ஆகவே, ஒரு நிலத்தின் உணவைச் சுட்டுவது என்பது அங்கு விளைவதைச் சுட்டுவதோடு முடிவதில்லை. அந்நிலத்து மக்கள் எதைக்கொண்டு உயிர்வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சுட்டுவதாகும்.

ஆற்றுப்படை நூல்கள் இதனைக் காட்சியாகவே காட்டுகின்றன. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர், வழிநெடுக நிலத்துக்கு ஏற்ற விருந்தைப் பெறுவர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. நெய்தல் நிலத்தில் சுட்ட குழல்மீனும், மருதநிலத்தில் வெண்சோற்றுடன் நண்டுக்கலவையும் அவர்களுக்குக் கிடைக்கின்றன. அங்கங்கே வாழும் மக்களே அவ்வுணவைத் தருகின்றனர் என்பது கருதத்தக்கது. உணவின் வழியே நிலத்தை அறிவது, அதனை ஆக்கித் தருவோரையும் அறிவதாகவே அமைந்தது.

பெயருக்குச் சட்டம் தந்த காப்பு

வணிகம் பெருகிய காலத்தில் ஊர்ப்பெயரே விலைமதிப்பு உடையதாயிற்று. பெயர் பெற்ற பொருளின் பெயரைப் பிறரும் எடுத்தாளத் தொடங்கினர். 1997ஆம் ஆண்டில் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாசுமதி தொடர்பான நெல்வகைகளுக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றது. இந்தியா மறுப்புத் தெரிவித்த பின்னர் அவ்வுரிமையின் பெரும்பகுதி விலக்கப்பட்டது. சொந்த நாட்டில் காப்புப் பெறாத ஊர்ப்பெயரைப் பிறநாடுகள் காக்கவேண்டிய கடப்பாடு இல்லை என்பது உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையின் நிலைப்பாடாகும். எனவே, உள்நாட்டுச் சட்டம் இன்றியமையாததாயிற்று.

இந்திய நாடாளுமன்றம் 1999ஆம் ஆண்டில் பொருள்களின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில் அமைந்துள்ளது. இச்சட்டத்தின்கீழ் முதலில் பதிவு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலை.

ஒரு பொருளின் தரமோ நற்பெயரோ பிற தனிப்பண்போ அது தோன்றும் நிலப்பகுதியைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பதே இச்சட்டத்தின் அடிப்படை. தனியொருவர் இவ்வுரிமையைக் கோர இயலாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்களின் நலனைப் பேணும் அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இதழில் வெளியிடப்பட்டபின், மறுப்பு உடையோர் அதனைத் தெரிவிக்கக் காலம் அளிக்கப்படும். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ளலாம். வணிகக் குறியைப் பிறருக்கு விற்கலாம். புவிசார் குறியீட்டை விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ இயலாது. பரம்பரை நிலத்தைக்கூட விற்க இயலும் காலத்தில், ஊர்ப்பெயர் மட்டும் விற்பனைக்கு அப்பாற்பட்டதாக நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டு விளைபொருள்களும் உணவுப்பொருள்களும் சில:

ஈத்தாமொழி நெட்டைத் தென்னை – கன்னியாகுமரி
சிறுமலை வாழை, விருப்பாச்சி வாழை – திண்டுக்கல்
ஈரோடு மஞ்சள் – ஈரோடு
கொடைக்கானல் மலைப்பூண்டு – திண்டுக்கல்
பழனிப் பஞ்சாமிர்தம் – திண்டுக்கல்
கோவில்பட்டிக் கடலைமிட்டாய் – தூத்துக்குடி
இராமநாதபுரம் முண்டு மிளகாய் – இராமநாதபுரம்
கம்பம் பன்னீர் திராட்சை – தேனி
சேலம் ஜவ்வரிசி – சேலம்

வந்த பயிரும் சொந்தப் பயிரும்

ஓர் ஊரின் அடையாளப் பயிர் அவ்வூரிலேயே தோன்றியதாக இருத்தல் வேண்டுமா? மேற்கண்ட பட்டியலே இதற்கு விடை தருகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியக் கடல் வணிகத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. அதுவரை தமிழர் சமையலில் காரத்துக்கு மிளகே முதன்மையாக இருந்தது. புதிதாக வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரையே அடிப்படையாகக்கொண்டு மிளகாய் எனப் பெயரிட்டனர். நிலக்கடலையும் மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை.

வந்த பயிர் எவ்வாறு சொந்தப் பயிராயிற்று? இராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டு திரண்ட வடிவமும் தடித்த தோலும் உடையது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, வறட்சி மிகுந்த மாவட்டத்தில் மானாவாரியாக விளைவது. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் தங்கள் மண்ணுக்குப் பொருந்திய விதையைத் தெரிந்தெடுத்து விதைத்ததால் அது அந்நிலத்துக்கு உரியதாயிற்று.

சேலத்து ஜவ்வரிசியின் வரலாறு வேறுவகையானது. ஜவ்வரிசி முதலில் தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்ட மாவினால் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது இறக்குமதி தடைப்பட்டது. சேலத்தார் மரவள்ளிக் கிழங்கின் மாவைக்கொண்டு அதனைச் செய்யத் தொடங்கினர். தட்டுப்பாட்டுக்குக் கண்ட மாற்றுவழி ஒரு வட்டாரத்தின் தொழிலாக வளர்ந்து, 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டையும் பெற்றது.

வேறு நிலத்துப் பூவும் புள்ளும் ஒரு நிலத்துக்கு வந்து சேர்ந்தால், அவை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்னும் கருத்தைத் தொல்காப்பியம் கூறுகிறது. செய்யுளுக்குச் சொன்ன அந்நெறி, பயிர்களின் வரலாற்றுக்கும் பொருந்துகிறது. தோன்றிய இடம் எது என்பதைவிட, வேரூன்றிய இடம் எது என்பதே அடையாளத்தைத் தீர்மானிக்கிறது.

தேர்வின் அளவுகோல்கள்

ஒரு வட்டாரத்தின் அடையாளமாக ஓர் உணவைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் நலம்.

முதலாவது நிலம் பற்றியது. அப்பொருள் வேறிடத்தில் விளைந்தால் அதன் இயல்பு மாறுமா? கொடைக்கானல் மலையின் குளிர்ச்சியில் விளையும் பூண்டு நெடுநாள் கெடாமல் இருக்கும் இயல்புடையது. அந்த இயல்பே அதற்குப் பெயரைத் தந்தது.

இரண்டாவது கைத்திறன் பற்றியது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையுமே மூலப்பொருள்கள். இவை இரண்டும் எல்லா ஊர்களிலும் கிடைப்பவை. பாலைக் காய்ச்சிக் கிண்டி, பதம் அறிந்து இறக்கும் பழக்கமே அவ்வூருக்கு உரியது. அத்திறன் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் ஊரார் பலரிடமும் பரவியிருத்தல் வேண்டும்.

மூன்றாவது உறவு பற்றியது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குக் கரிசல் வட்டாரத்து மானாவாரி நிலக்கடலை பயன்படுகிறது. வெல்லமோ தேனி முதலிய பகுதிகளிலிருந்து வருகிறது. நெய்தல்நிலத்தார் உப்பை விற்று நெல் பெற்றதைப் போன்ற பண்டமாற்று உறவு இதிலும் தொடர்கிறது. எந்த ஊரின் உணவும் அவ்வூரால் மட்டுமே ஆனதன்று.

நான்காவது வினா பயன் பற்றியது. பெயரால் வரும் வருவாய், விளைவிப்போரையும் ஆக்குவோரையும் சென்றடைகிறதா? முதல் மூன்று வினாக்களுக்கும் விடை காணச் சட்டமும் ஆவணங்களும் உதவும். நான்காவது வினாவைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டிய பொறுப்பு சமூகத்துக்கு உரியது.

பெயர் நிலைக்கப் பயிர் நிலைக்க வேண்டும்

கீழ்ப்பழனி மலைப்பகுதியில் காப்பிச் செடிகளுக்கு நிழலாக வளர்க்கப்பட்டது விருப்பாச்சி மலைவாழை. அதன் பழத்தில் ஈரத்தன்மை குறைவு. ஆதலால் பஞ்சாமிர்தம் பிசைவதற்கு மிகவும் ஏற்றது. வாழைப்பழம், வெல்லச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவை சேரும் பஞ்சாமிர்தத்தில் நீர் சேர்ப்பதில்லை. நீர்த்தன்மை குறைந்த பழம் வாய்த்ததால் அது விரைவில் கெடாமல் இருந்தது. 2019ஆம் ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக் கோயில் திருவமுதுகளுள் முதன்முதலாக இச்சிறப்பைப் பெற்றது அதுவே.

ஆனால், அப்பஞ்சாமிர்தத்துக்கு அடிப்படையான மலைவாழை பெரும் இடரைச் சந்தித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிக்கொத்து நோய் பழனிமலைத் தோட்டங்களில் பரவியது. இது வாழை அசுவினி என்னும் சிறு பூச்சியால் பரவும் நச்சுயிரி நோய். நோயுற்ற வாழையின் உச்சியில் இலைகள் சிறுத்துக் கொத்தாக நெருங்கும். மரம் குட்டையாகிக் குலை தள்ளாமல் போகும். நோயுள்ள தாய்மரத்தின் கன்றை எடுத்து நட்டால் நோயும் உடன் செல்லும். மலைவாழை பயிரிடப்பட்ட பரப்பு வெகுவாகச் சுருங்கியது. நோயுற்ற மரங்களை அகற்றுதல், நச்சுயிரி இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை நடுதல் ஆகிய வழிகளில் அதனை மீட்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை தெளிவானது. புகழ்பெற்ற ஓர் உணவின் பெயரைப் பதிவேட்டில் காத்துவிடலாம்; அவ்வுணவுக்கு உயிரான பயிரைத் தோட்டத்தில்தான் காக்க இயலும்.

ஒரு பெயர், இரண்டு உரிமை

அடையாள உணவைத் தேர்வதில் அண்டை நிலங்களுக்கு இடையே பூசல் எழுவதும் உண்டு. ரசகுல்லா தங்களுக்கே உரியதென மேற்கு வங்கமும் ஒடிசாவும் நெடுநாள் வழக்காடின. 2017ஆம் ஆண்டில் வங்காள ரசகுல்லாவும், 2019ஆம் ஆண்டில் ஒடிசா ரசகுல்லாவும் தனித்தனியே குறியீடு பெற்றன. பால் திரித்துச் செய்யும் இனிப்புதான் எனினும், இரண்டும் நிறத்திலும் மென்மையிலும் சுவையிலும் வேறுபட்டவை. முதலில் செய்தவர் யார் என்னும் வினாவுக்கு விடை கிடைப்பது அரிது. ஒவ்வொரு நிலமும் அதனை எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்னும் வினாவுக்கு விடை உண்டு. அவ்விடையின்வழியே இரு நிலங்களும் தத்தம் உரிமையைப் பெற்றன.

பெயருக்குப் பின் நிற்கும் கை

தேரி மணல் சூழ்ந்த உடன்குடி வட்டாரத்தின் பனங்கருப்பட்டி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. சுண்ணாம்பு தடவிய கலயங்களைப் பாளையில் கட்டிப் பதநீர் இறக்குவர். அதனை அகன்ற பாத்திரத்தில் காய்ச்சிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவர். கருப்பட்டி கைக்கு வரும்வரை, பனையேறும் ஆடவரின் உழைப்பும் அடுப்பருகே நின்று காய்ச்சும் பெண்டிரின் உழைப்பும் அதில் சேர்கின்றன.

பனையேற்றம் இடர் மிகுந்த தொழில். பருவக்காலத்தில் நாள்தோறும் பல மரங்கள் ஏறி இறங்க வேண்டும். இளைய தலைமுறையினர் அத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். பதநீர் குறையும்போது மலிவான சர்க்கரையைக் கலந்து காய்ச்சிய கருப்பட்டி சந்தைக்கு வருகிறது. வாங்குவோர் அதனையும் அதே பெயரால் வாங்குகின்றனர். கலப்படப் பொருளின் மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் தூய கருப்பட்டி காய்ச்சுவோர் தளர்ந்துபோகின்றனர். பெயர் வாழ்ந்து, அப்பெயரைத் தந்த கை ஓய்ந்துபோகும் நிலை இது.

புவிசார் குறியீட்டில் இருவகைப் பதிவுகள் உண்டு. பொருளின் பெயரைப் பதிவு செய்வது ஒன்று. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையுடைய உற்பத்தியாளர்களைப் பதிவு செய்வது மற்றொன்று. முதற்பதிவு நிகழும் நாளில் செய்தி பரவுகிறது, ஊர் மகிழ்கிறது. இரண்டாம் பதிவில் ஒவ்வோர் உழவரும் கைவினைஞரும் இடம்பெறும்போதுதான் அம்மகிழ்ச்சி வருவாயாக மாறும்.

தேர்வோரின் பொறுப்பு

ஜப்பானின் ஓயிட்டா மாகாணத்தில் 1979ஆம் ஆண்டில் 'ஓர் ஊர் ஒரு பொருள்' என்னும் இயக்கம் தொடங்கியது. அம்மாகாண ஆளுநர் மொரிஹிகோ ஹிராமட்சு இதனை முன்னெடுத்தார். எப்பொருளைத் தேர்வது என்பதை அந்தந்த ஊர் மக்களே முடிவு செய்தனர் என்பது இவ்வியக்கத்தின் சிறப்பு. பின்னர்த் தாய்லாந்து முதலிய நாடுகளும் இந்நெறியைப் பின்பற்றின. இந்தியாவில் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திட்டமும் 'ஒரு மாவட்டம் ஒரு விளைபொருள்' என்னும் நெறியைத் தழுவியது.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதால் பயிற்சியும் கருவிகளும் சந்தையும் ஓரிடத்தில் குவியும். அதேவேளை, ஒரு மாவட்டத்துக்கு ஒரே முகம் என்று கொண்டுவிட்டால் ஏனையவை மறைந்துபோகும் அச்சமும் உண்டு. எல்லாரும் ஒரே பயிரை விதைத்தால், விலை சரியும்போது எல்லாருடைய வீட்டிலும் அடுப்பு அணையும். நோய் வரும்போது எல்லாத் தோட்டங்களும் ஒருசேர வாடும். புகழ்பெறாத காரணத்தால் கம்பங்கூழும் பனங்கிழங்கும் ஓர் ஊரின் வாழ்வில் பெற்றிருந்த இடம் சிறியதாகிவிடாது. பலநூறு ஆண்டுகளாக ஏழையரின் பசியைத் தீர்த்த உணவு, விழா மேடையில் வைக்கப்படாவிட்டாலும் அந்நிலத்தின் அடையாளமே.

தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்துரைத்தபின், அவை போன்ற பிறவும் உள என்று கூறி இடம் விட்டுவைத்தார். அடையாள உணவுகளைத் தேர்வோரும் அவ்வாறே இடம் விட்டுவைத்தல் வேண்டும். ஊர்ப்பெயர் தாங்கிய உணவு, உண்போருக்கு அந்த ஊரார் தரும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழியை ஊரார் காக்க வேண்டுமெனில், உரிய விலையைக் கொடுத்து அதனைப் போற்றவேண்டிய கடமை உண்போருக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டாரத்தின் அடையாளமாக ஓர் உணவையோ பயிரையோ தேர்ந்தெடுங்கள். பாடத்தில் கூறப்பட்ட நான்கு வினாக்களின் அடிப்படையில் அத்தேர்வைச் சரிபார்த்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. அப்பொருளை விளைவிப்பவர் அல்லது ஆக்குபவர் ஒருவரைச் சந்தித்து, தொழிலில் பயன்படும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.

3. 'ஒரு மாவட்டத்துக்கு ஒரு விளைபொருள் போதும்' என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொல்காப்பியர் கூறும் கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்து வருவது
அ) மரம் ஆ) உணா இ) பறை ஈ) செய்தி

2. இந்தியாவில் முதலில் புவிசார் குறியீடு பெற்றது
அ) ஈரோடு மஞ்சள் ஆ) பழனிப் பஞ்சாமிர்தம் இ) டார்ஜிலிங் தேயிலை ஈ) சேலம் ஜவ்வரிசி

குறுவினா

1. நெய்தல் நிலத்துக்கு உரிய உணவாகக் கூறப்பட்டது யாது?
2. புவிசார் குறியீடு வணிகக் குறியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

சிறுவினா

1. வந்த பயிர் சொந்தப் பயிராவதை இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
2. முடிக்கொத்து நோய் மலைவாழையைத் தாக்கும் முறையையும் அதனை மீட்கும் வழிகளையும் எழுதுக.

நெடுவினா

'பெயர் வாழ்ந்து, பெயரைத் தந்த கை ஓய்தல் ஆகாது' – பாடப்பகுதியின் துணையுடன் உங்கள் கருத்தைக் கட்டுரையாக்குக.